பூஞ்சணத்துக்குள் குடியிருந்தவை

கொல்லிமலையில் நான் ஆராய்ச்சி மாணவியாகக் காலம் தள்ளிய நிலையத்தில் இரண்டு பூஜை அறைகள் இருந்தன. ஒன்றில் பிள்ளையார் படம், குத்துவிளக்கு, ஊதுபத்தி. இன்னொன்றின் பெயர் கல்ச்சர் ரூம். மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சணங்களையும் பாக்டீரியாக்களையும் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கிற அறை அது. பிள்ளையார் அறைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம்; அட்டெண்டர் தன் சாப்பாட்டுத் தூக்கை அங்கேதான் வைப்பார். கல்ச்சர் ரூமுக்குத்தான் ஆசாரம் அதிகம்.

செருப்பை வெளியே விட வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசக் கூடாது. இதெல்லாம் நியாயம். காற்றில் மிதக்கிற ஒரு தூசு விழுந்தால் போதும், பல வாரத்து வேலை குப்பைக்குப் போய்விடும். சுத்தமான காற்றை ஊதுகிற லேமினார் பெட்டிக்கு ஆயுத பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு வருஷம் முழுக்க அதன் நெற்றியில் இருந்தது. அதையும் விட்டுவிடலாம், பெட்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இன்னொரு விதி அங்கே இருந்தது. பெண்கள் மாதத்தில் அந்த மூன்று நாளும் கல்ச்சர் ரூமுக்குள் வரக் கூடாது.

விதியைப் போட்டவர் நிலையத்தின் தலைவர். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவர்தான். எல்லோருக்கும் ‘சார்’. நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர். பாக்டீரியாவைப் பற்றி அவர் பாடம் நடத்தினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அத்தனை தெளிவு. அந்தத் தெளிவு கல்ச்சர் ரூம் வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றுவிடும். இந்த விதியை அவர் ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. அதற்கு டைப்பிஸ்ட் அக்கா இருந்தார். நான் கையைக் கழுவப் போகும்போது தட்டச்சை நிறுத்திவிட்டு, “கண்ணு, இன்னைக்கு உள்ள போலாமா, எப்படி?” என்று கேட்பார். முகத்தில் அத்தனை கரிசனம். சேர்ந்த புதிதில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறார் என நினைத்து, நல்லாத்தானுங்க்கா இருக்கேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் புரிந்ததும் சாரிடமே போய்க் கேட்டேன். அவர் சங்கடப்படவில்லை. அந்த நாட்களில் உடம்புச் சூடு ஏறும், வியர்வையின் தன்மை மாறும், தோலில் பாக்டீரியா பெருகும், ஆகவே தட்டுகளில் கலப்படம் சேர வாய்ப்பு அதிகம் என்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினார். வீட்டு வழக்கத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்தார். பின்னால் நின்ற சீனியர் மாணவர் மேகம் எதையோ தேடுவதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நாள் அது. அவர் அன்றைக்கு உள்ளே போகத் தடை ஏதும் இல்லை.

எனக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் முள்ளுக்குறிச்சி. மலை கண்ணெதிரே நிற்கும், பஸ்ஸில் போனால் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து போகும். அடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தக் காடு, மரவள்ளியும் வெங்காயமும். வீட்டில் அம்மா அந்த நாட்களில் என்னை ஊறுகாய் ஜாடிப் பக்கம் விடமாட்டார். நான் தொட்டால் பூஞ்சணம் பிடித்துவிடுமாம். இங்கே மலை ஏறி, பூஞ்சணத்தை வளர்க்கிற வேலைக்கே வந்தேன். இங்கே நான் தொட்டால் பூஞ்சணம் கெட்டுவிடுமாம். என் கைக்கு இருந்த சக்தியை இரண்டு தரப்பும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மலைமேல் ஊர்ப்பகுதிகளுக்கு நாடு என்று பெயர்; வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அக்கா மலைக்காரர். சாமை, மரவள்ளி, வீட்டை ஒட்டிய சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அவருக்கும் அந்த நாட்களில் கோயில் கிடையாது, தானியம் அடிக்கிற களத்தில் கால் வைக்கக் கூடாது. களை எடுக்கவும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கவும் மட்டும் தாராளமாகப் போகலாம். தீட்டு எப்போதும் கஷ்டமான வேலையை விட்டுவிட்டு, மரியாதையான வேலையைத்தான் வந்து பிடிக்கும். இதை நான் மலையிலும் பார்த்தேன், அடிவாரத்திலும் பார்த்தேன், பிறகு முனைவர் பட்டம் பெற்றவர்களிடமும் பார்த்தேன்.

அந்த அக்காவின் சாமைக்காட்டு மண்ணிலிருந்துதான் என் பூஞ்சணம் கிடைத்தது. திண்ணனூர் நாட்டு ஒற்றையடிப் பாதைகளில் எல்லாம் மண் பை சுமந்து அலைந்துவிட்டு வந்தால், நான் தூங்குகிற அறைக்குப் பின்னால் அது இருந்தது. தட்டில் வைத்தால் வெள்ளைப் பஞ்சாகப் பரவும், சில நாளில் அதன் மேல் கறுப்பு மிளகுப்பொடி தூவியதுபோல வித்துகள் நிற்கும். மண்ணில் பூட்டிக் கிடந்து பயிருக்குக் கிடைக்காத பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தை அது கரைத்துக் கொடுத்தது. தொட்டியில் நட்ட மரவள்ளிக் குச்சிக்கு இதைக் கொடுத்தால் இலை கருகருவென்று வந்தது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. வித்துகளை நிலக்கரித் தூளில் கலந்து, பாக்கெட் போட்டு, நிலையத்தின் பெயரை அச்சடித்து, மலை முழுக்க விவசாயிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கனவு காண ஆரம்பித்தார். முதல் வருஷம் சோதனைக்காகக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்தோம். நன்றாகவே இருந்தது என்றார்கள்.

என் ஆய்வேடும் இந்தப் பூஞ்சணத்தைப் பற்றியதுதான். பல்கலைக்கழகத்தில் என் பதிவுக் காலம் முடிந்துகொண்டிருந்தது. சார் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். போடாவிட்டால் இத்தனை வருஷமும் மண்ணோடு மண்ணாகப் போகும். கீழே அப்பாவும் ஒரு கெடு வைத்திருந்தார். இந்த வருஷம் படிப்பு முடியாவிட்டால் ஒரு ஜாதகத்தை எடுத்துவிடுவது என்று முடிவு. மாப்பிள்ளை வீட்டாருக்கு லாரி இருந்தது. என்னிடம் ஒரு பூஞ்சணம் இருந்தது. அப்பாவின் தராசில் எது இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துக்குச் சார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பூஞ்சணம் சுத்தமாக இருக்க வேண்டும். அதில் வேறு எந்த உயிரும் கலந்திருக்கக் கூடாது. அங்கேதான் வந்தது வினை.

பூஞ்சணத்தில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்க்க, அதன் நூல்களை ஒரு பீங்கான் கல்வத்தில் இட்டு அரைத்து, அந்தச் சாற்றைத் தட்டில் தடவி வைப்போம். நான் அரைத்துத் தடவிய தட்டுகளில் எல்லாம் பூஞ்சணத்தோடு கூடப் பாக்டீரியாவும் வந்தது. சின்னச் சின்னப் பால்துளிகள் மாதிரி, வழுவழுவென்று. கல்வத்தை மாற்றினேன். ஆட்டோகிளேவ் என்கிற அந்தப் பெரிய பிரஷர் குக்கரில் கல்வத்தை வேகவைத்து எடுத்தேன். தண்ணீரை மாற்றினேன். கையுறையின் மேல் கையுறை போட்டேன். பால்துளிகள் தவறாமல் வந்தன. அழைக்காத விருந்தாளிக்கு இருக்கிற நேரம் தவறாமை வேறு யாருக்கும் கிடையாது.

சார் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டைப்பிஸ்ட் அக்காவின் பக்கம் பார்த்தார். அக்கா தட்டச்சுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அதற்கப்புறம் சார் சொன்னதை அந்த வராந்தாவில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். “சில பேர் கை அப்படிம்மா. அவங்க என்ன கழுவுனாலும் வரத்தான் செய்யும்.”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் இரண்டும் சேர்ந்து வந்தன. நுண்ணுயிரியல் படித்த ஒருத்தியைப் பார்த்து இதைவிட அசிங்கமாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. தச்சரைப் பார்த்து உனக்கு மரம் ஆகாது என்று சொல்கிற மாதிரி. அறைக்குப் போய்ச் சோப்பை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன். அது மிளகுக்கொடியில் மாட்டிக்கொண்டது. மறுநாள் அதை நானே எடுத்துவந்து கழுவ வேண்டியதாயிற்று, மலைமேல் சோப்புக்கு எங்கே போவது.

என் பூஞ்சணம் சீனியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கைராசிக்காரர் என்று பெயர். அவர் நல்ல மனிதர்தான், கெட்டவராக இருக்கும் அளவுக்கு அவரிடம் உற்சாகம் இல்லை. பூஞ்சணத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, புதிய தட்டின் நடுவே வைத்தார். அது பஞ்சாகப் பரவியது. ஒரு பால்துளி இல்லை. சார் அந்தத் தட்டை நிலையம் முழுக்க எடுத்துப்போய்க் காட்டினார், பேரனுக்கு மொட்டை போட்ட தாத்தா மாதிரி.

வெட்டி வைத்தால் நானும்தான் சுத்தமாக வைப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையும் அதுதான். என் பழைய தட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நூலை முழுசாக எடுத்து வைத்த தட்டுகளில் பாக்டீரியா இல்லை. நூலைக் கல்வத்தில் அரைத்த தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சாரிடம் சொல்லி, சீனியர் ஒரு தடவை அரைத்துப் பார்க்கட்டும் என்று கேட்டேன். கைராசி மேல் இருந்த நம்பிக்கையில் சார் உடனே ஒப்புக்கொண்டார். சீனியர் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வந்து அரைத்தார். இரண்டு நாளில் தட்டு முழுக்கப் பால்துளிகள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு வெகுளி நான். சார் தட்டைக் கீழே வைத்துவிட்டு டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டு, நான் கடைசியாக எப்போது கல்ச்சர் ரூமுக்குள் போனேன், அப்போது எனக்கு என்ன நாள் என்று விசாரித்தார். அக்கா பாவம், விரல் விட்டு எண்ணினார். நாலாம் நாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்னாலேயே போயிருக்கக்கூடும் என்று ஒரு கணக்கு வந்தது. அவ்வளவுதான், விஞ்ஞானம் முடிவுக்கு வந்துவிட்டது. சீனியரின் கை ராசியாகத்தான் இருக்கிறது, அறைதான் கெட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அறையைச் சுத்தி பண்ணினார்கள். ஸ்பிரிட் இருந்தது, ஃபார்மலின் இருந்தது, கிருமியைக் கொல்கிற ஊதா விளக்கு இருந்தது. சார் மஞ்சள் தண்ணீரையும் கோமியத்தையும் தேர்ந்தெடுத்தார். அட்டெண்டர் பித்தளைச் சொம்பைப் பிடித்துக்கொள்ள, மாவிலையால் மூலை மூலையாகத் தெளித்தார்கள். லேமினார் பெட்டிக்குள்ளும் தாராளமாக விழுந்தது. என்னை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பூமியிலேயே பாக்டீரியாவுக்கு இவ்வளவு உபசாரம் செய்து, வெற்றிலை பாக்கு மட்டும் வைக்காமல் வரவேற்ற ஆய்வுக்கூடம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் நிலையத்தில் இருந்த எல்லாருடைய தட்டுகளிலும் வசந்த காலம். மஞ்சள், சிவப்பு, பச்சை, நாற்றம் அடிக்கிற ஒரு சாம்பல் நிறம். மிளகு வாடல் நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் தன் வேலையெல்லாம் போனதைப் பார்த்து வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்தத் தடவை பார்வையில் கொஞ்சம் சந்தேகம் கலந்திருந்தது. கோமியம் தெளிக்கச் சொன்னவர் யார் என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

அப்புறம் சீனியர் ஓர் உருப்படியான யோசனை சொன்னார். பூஞ்சணத்தை ஆன்டிபயாடிக் மருந்து கலந்த தட்டுகளில் திரும்பத் திரும்ப வளர்த்தால், மருந்து பாக்டீரியாவைக் கொன்றுவிடும், பூஞ்சணம் மட்டும் தப்பிக்கும். நல்ல யோசனை, வேலையும் செய்தது. மாற்றி மாற்றி வளர்த்து, கடைசியில் கல்வத்தில் அரைத்தால்கூட ஒரு பால்துளி வரவில்லை. சார் ராசிபுரத்திலிருந்து இனிப்பு வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கிடைத்தது. சுத்தம் என்பது என்ன என்று அந்தத் தட்டைக் காட்டி எனக்குப் பாடம் நடந்தது. நான் ஜாங்கிரியைத் தின்றுகொண்டே கேட்டேன், வாயில் இனிப்பு இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

பூஞ்சணம் பளிச்சென்று இருந்தது. நாட்கள் போயின, வெள்ளைப் பஞ்சு வெள்ளைப் பஞ்சாகவே இருந்தது. மிளகுப்பொடி தூவவில்லை. வித்து வரவே இல்லை. பாக்கெட்டில் போடுவதே வித்துகளைத்தான். அது இல்லாமல் பாக்கெட்டில் என்ன இருக்கும்? நிலக்கரித் தூளும் நிலையத்தின் பெயரும் இருக்கும். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் சார். அந்தப் பூஞ்சணம் பிறந்து வளர்ந்ததே இந்த மலைக்குளிரில்தான் என்பதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. விவசாயிகள் கூட்டத்துக்குத் தேதி சொல்லியாகிவிட்டது என்பதால், நூலையே பொடித்துத் தூளில் கலந்து கொடுத்து அனுப்பினார்கள். டூவீலரிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து வீட்டுக்கார அக்கா என்னிடம், போன வருஷம் கொடுத்தது நன்றாக இருந்தது, இந்த வருஷத்தது அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கிறதே, ஆளை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். சுத்தம் பண்ணியிருக்கிறோம் என்றேன்.

சாரிடம் மறுபடியும் கையெழுத்துக்குப் போனேன். சுத்தமாகவும் இருக்க வேண்டும், வித்தும் விட வேண்டும், அப்படி ஒரு பூஞ்சணத்தைக் கொண்டுவந்தால் அந்த நிமிஷமே கையெழுத்து என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடக்கும் என்று நம்பினார். பதிவுக் காலம் முடிய ஒரு மாதம் மிச்சம் இருந்தது. கீழேயிருந்து ஜாதகம் பொருந்திவிட்டது என்று தகவல் வந்தது.

பயம் வந்தால் எனக்குப் பாத்திரம் கழுவத் தோன்றும். அன்றைக்குப் பூஞ்சண நூல்களைக் கழுவினேன். மருந்து போடாத என் பழைய பூஞ்சணத்தின் நூல்களை எடுத்து, வேகவைத்து ஆறிய தண்ணீரில் அலசி, அலசி, அலசி, கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு தட்டில் தடவினேன். அதே நூலை அரைத்து இன்னொரு தட்டில் தடவினேன். அலசிய தண்ணீர்த் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. அரைத்த தட்டில் பால்துளிகள். நூலின் மேல் பாக்டீரியா ஒட்டியிருந்தால் தண்ணீரில் வந்திருக்க வேண்டும். என் கையிலிருந்து விழுந்திருந்தால் இரண்டு தட்டிலும் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான் பாக்கி.

பூஞ்சணத்தின் நூல் என்பது ஒரு குழாய். அதன் உள்ளே.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு முதுகில் சில்லென்றது. பாக்டீரியா மண்ணில் இருக்கும், வேரில் இருக்கும், நம் குடலில் இருக்கும் என்று படித்திருந்தேன். கண்ணுக்கே தெரியாத ஒரு நூலின் வயிற்றுக்குள் இன்னும் சின்னதாக ஒன்று குடும்பம் நடத்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேரோடு சேர்ந்து வாழ்கிற சில பூஞ்சணங்களில் வெளிநாட்டில் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பத்திரிகைகள் எங்கள் நிலையத்துக்கும் வந்துகொண்டிருந்தன. அழுக்காகிவிடும் என்று சார் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். உள்ளே இருக்கிற பாக்டீரியாவை விரட்டினால் வித்து விடுவதையே நிறுத்திவிடுகிற பூஞ்சணங்களும் உண்டு என்பதை, நான் மலையை விட்டு இறங்கிச் சில வருஷம் கழித்து வேறு யாரோ எழுதி, ஒரு கல்லூரி நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். எனக்கு அது செய்தியாகவே படவில்லை, எங்கள் வீட்டுக் கதையை யாரோ சொல்வதுபோல இருந்தது. அந்தக் குடித்தனக்காரர்கள் இருந்தவரைக்கும்தான் வீட்டுக்காரனுக்கு வம்சம். நாங்கள் காலி பண்ணவைத்துவிட்டு ஜாங்கிரி தின்றோம்.

ஊகம் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும், சாருக்கும் காட்ட வேண்டும். நல்ல மைக்ராஸ்கோப் கல்ச்சர் ரூமுக்குள்தான் இருந்தது, வெல்வெட் உறை போட்டு. இளம் நூல் கிடைக்கக் காத்திருந்தேன். முற்றிய நூலில் உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியாது, ரொம்பப் பிஞ்சாக இருந்தால் உள்ளே ஆள் குறைவு. பதம் வந்த காலையில் எனக்கு வயிற்றுவலி தொடங்கி இரண்டாவது நாள். பூஞ்சணம் என்னைக் கேட்டுக்கொண்டா வளரும்? அன்றைக்கு டைப்பிஸ்ட் அக்கா லீவு. கேட்க ஆளில்லை, நானாக வலியப் போய்ச் சொல்ல எனக்கு மனமில்லை. செருப்பைக் கழற்றினேன், கையைக் கழுவினேன், உள்ளே போனேன்.

ஒரு நூலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சாயம் விட்டு, மேலே மெல்லிய மூடியைப் போட்டு, எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்ஸைத் திருப்பினேன். குழாய்க்குள் குட்டிக் குட்டிக் குச்சிகள். சாயம் விடாத இன்னொரு நூலை வைத்து, பென்சில் முனையால் மூடியை லேசாக அழுத்தினேன். நூல் ஒடிந்தது. ஒடிந்த வாய் வழியாக அந்தக் குச்சிகள் நெளிந்து, முண்டியடித்து, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கதவைத் திறந்ததும் கூட்டம் பாய்கிற மாதிரி வெளியே வந்தன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கல்ச்சர் ரூமில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இத்தனை மாதமும் என் கையின் மேல் இருந்த பழி, அதோ, தன் காலாலேயே வெளியே நடந்து வந்துகொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த மலையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

போய்ச் சாரைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அலசிய தண்ணீர்த் தட்டையும் அரைத்த தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். நான் ஒரு புது நூலை வைத்துக் கொடுக்க, பென்சிலை வாங்கி அவரே அழுத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார், “ஏம்மா, இது உள்ள இருந்தா வருது?”

“ஆமாங்க சார்.”

“அப்ப உன் கைல இருந்து வந்ததில்ல.”

“இல்லீங்க சார்.”

இன்னொரு நூல் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். அதையும் ஒடித்துப் பார்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் அவர் முகம் ஓர் உண்மையான விஞ்ஞானியின் முகமாக இருந்தது. ஆச்சரியப்படுவதற்கு வெட்கப்படாத முகம். இந்த முகத்தை நம்பித்தான் நான் இந்த நிலையத்தில் சேர்ந்தேன். மருந்து போட்டதும் வித்து நின்றுபோனது இதனால்தானோ என்று அவரே கேட்டுக்கொண்டார். இதை எழுதிவிடு, பெரிய வேலை, ஆய்வேட்டில் சேர்த்து அடுத்த வாரம் கொண்டுவா, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். லாரிக்காரர்களின் ஜாதகம் முள்ளுக்குறிச்சிக் காற்றில் பறந்துபோவது எனக்குத் தெரிந்தது.

சார் குமிழைத் திருகிக்கொண்டே, கண்ணை எடுக்காமல், சாவகாசமாகச் சொன்னார். “உன் மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சு. ஆனாலும் அந்த மூணு நாளு மட்டும் எப்பவும் போல வெளியவே இருந்துக்கம்மா. மத்தவங்க வேலையும் இருக்குது பாரு.”

கையெழுத்து வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தியுள்ளவர்கள் இருந்திருப்பார்கள்.

“சார், இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாளுங்க.”

குமிழைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்தார், அப்புறம் நான் கொடுத்த பென்சிலை. அதை மேசையின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே லென்ஸுக்கு அடியில் பாக்டீரியாக்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு எந்த நாளும் ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அட்டை போட்டு எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது எனக்கு எந்த நாளும் இல்லை. காலையில் தலைக்குக் குளித்திருந்தேன், கூந்தலில் ஈரம்கூடக் காயவில்லை. ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்டால் சொல்கிற பெண் இல்லை இவள் என்று ஆகிவிட்டபின், எனக்கு எல்லா நாளும் அந்த நாள்தான். ஆய்வேட்டை நீட்டினேன். மேசை மேல் வைத்துவிடச் சொன்னார். வைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியின் நுனியால் அட்டையைத் தூக்கிப் புரட்டி, கையெழுத்துப் போட்டார்.